முன்கூட்டி மாட்டிய தகரம்

நசாரியோவுக்குப் பொய் வராது. அவனைப் பிடித்த சனியன் அதுதான். வாயால் சொல்லச் சொன்னால்கூடத் தட்டுத் தடுமாறி ஒன்றிரண்டு சொல்லிவிடுவான். தூரிகையைக் கையில் எடுத்துவிட்டால் தீர்ந்தது கதை. கண்ணுக்கு என்ன தெரிகிறதோ அதுதான் படத்தில் வரும்.

அவன் தலைநகரத்தில் ஓவியப் பள்ளியில் படித்தவன். பள்ளித் தலைவரின் பிறந்த நாளுக்கு அவரையே வரையச் சொல்லியிருக்கிறார்கள். இவன் அவருடைய சாயம் பூசிய முடியையும், சாயத்துக்கு அடியில் எட்டிப் பார்க்கிற நரையையும் சேர்த்தே வரைந்து கொடுத்தான். துரத்திவிட்டார்கள். வீட்டுக்குப் போனான். அப்பா பெரிய வக்கீல். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிற அப்பாவை வரைந்து, விருந்தாளிகள் உட்காருகிற கூடத்தில் மாட்டினான். அங்கேயிருந்தும் துரத்திவிட்டார்கள். கல்யாணம் பேசி வைத்திருந்த பெண்ணுக்கு லேசாக மாறுகண். மிச்சத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. இருபது வயதில் வீடு இல்லை, படிப்பு இல்லை, பெண் இல்லை என்று ஆகி, ரயில் கடைசியாக எங்கே நிற்குமோ அங்கே வந்து இறங்கினான். அது எங்கள் ஊர், சான் பார்த்தோலோ.

இறங்கியவன் நேராக என் கடைக்கு வந்தான். எங்கள் ஊரில் யார் இறங்கினாலும் முதலில் அங்கேதான் வருவார்கள். கற்றாழைக் கள்ளுக்கடை. பேர் 'என் மாமியாருக்குத் தெரியாது'. என் புருஷன் வைத்த பேர். அவன் போய்ச் சேர்ந்த பிறகு கடையை நானே பார்த்துக்கொண்டேன். கள்ளுக்கடை என்றால் வாசல் சுவரில் படம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எங்கள் ஆட்களுக்குக் கள் தொண்டையில் இறங்காது. அந்த வருடத்து மழையில் என் சுவர் உரிந்து சொறிபிடித்துக் கிடந்தது.

"அக்கா, சுவத்துல நான் படம் போடறேன். நீ எனக்குக் கள்ளு ஊத்து," என்றான்.

"என்ன படம்டா போடுவ?"

"நீ எதச் சொல்றியோ அத."

"அப்ப என்னையப் போடு," என்றேன். கொழுப்புதான், வேறென்ன? நாற்பது வயதுக்காரிக்கு அப்படி ஒரு ஆசை.

போட்டான். என் மேலுதட்டு மீசையைப் போட்டான். அக்குள் வியர்வையைப் போட்டான். குவளையைத் தூக்கிக்கொண்டு வரும்போது என் கட்டைவிரல் கள்ளுக்குள் முங்கியிருக்கும், அதையும் விடவில்லை. பார்த்ததும் எனக்கு வந்த ஆத்திரத்தில் கையில் இருந்த குவளையை அவன் மேல் வீசினேன். குனிந்துவிட்டான். குவளை படத்தில் இருந்த என் மூக்கில் போய் உடைந்தது. கடையில் இருந்தவர்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மறுநாள் அந்தச் சுவரைப் பார்க்கவென்றே பக்கத்து ஊரிலிருந்து ஆள் வந்தது. அதற்கு மறுநாள் கள் பற்றவில்லை. சரி, கிடக்கட்டும் கழுதை என்று சுவரையும் விட்டுவைத்தேன், அவனையும் பின்கட்டு அறையில் விட்டுவைத்தேன்.

சும்மா குடித்துக்கொண்டு கிடக்காதே என்று தகரம் எழுதுகிற வேலையில் அவனை இழுத்துவிட்டது நான்தான். எங்கள் கோயிலில் வழித்துணை ஆண்டவர் இருக்கிறார். அவரிடம் நேர்ந்துகொண்டு காரியம் நடந்துவிட்டால், நடந்ததை ஒரு தகரத்தில் படமாக எழுதி, கீழே ரெண்டு வரி நன்றி எழுதி, அவர் பக்கத்துச் சுவரில் மாட்ட வேண்டும். கழுதையிலிருந்து விழுந்து பிழைத்தவன், தூக்குமரத்திலிருந்து தப்பியவன், காணாமல் போன பன்றி திரும்பி வந்தவள் என்று சுவர் முழுக்கத் தகரம்தான். அதையெல்லாம் எழுதியவர் பிளாசிதோ கிழவர். அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு முகம். ஆம்பளை என்றால் அதற்கு மீசை, பொம்பளை என்றால் அதற்கு முக்காடு.

நசாரியோ தகரம் எழுதவந்த பிறகு ஊரில் ரகளை ஆரம்பித்தது. கறிக்கடை எவாரிஸ்தோ ஒரு நாள் மார்பை நிமிர்த்திக்கொண்டு வந்தான். காளை ஒன்று அவனையும் அவன் பெண்டாட்டியையும் முட்ட வந்ததாம். ஆண்டவரைக் கூப்பிட்டுக்கொண்டே அவன் அதன் கொம்பைப் பிடித்து நிறுத்தினானாம். அதைத் தகரத்தில் எழுத வேண்டுமாம். நசாரியோ சரி சரி என்று தலையாட்டிவிட்டு, கேட்க வேண்டியவளைப் போய்க் கேட்டிருக்கிறான். திருவிழா அன்று தகரத்தைத் துணி நீக்கிப் பார்த்தால், எவாரிஸ்தோ மரத்தின் உச்சியில் தொற்றிக்கொண்டிருக்கிறான். கீழே அவன் பெண்டாட்டி அகப்பையால் காளையின் மூக்கில் சாத்திக்கொண்டிருக்கிறாள்.

எவாரிஸ்தோ நேராகக் கடைக்கு வந்து நசாரியோவின் மூக்கை உடைத்துவிட்டான்.

"ஏன்டா, அவன் கேட்டத எழுதிக் குடுத்துட்டுப் போனா உனக்கு என்னடா கேடு?" என்றேன், ரத்தத்தைத் துடைத்துவிட்டுக்கொண்டே.

"அக்கா, அந்த நேரத்துல ஆண்டவர் அங்கதான இருந்தாரு? எல்லாத்தையும் பாத்தவர்கிட்டயே போய்ப் புளுகறதா?"

"உனக்குத்தான் ஆண்டவர்மேல நம்பிக்கையே கிடையாதே!"

"எனக்கு இல்ல. எவாரிஸ்தோவுக்கு இருக்குல்ல? அவன்தான வெக்கப்படணும்."

இவனோடு என்னத்தைப் பேச? தகரம் சுவரில்தான் இருந்தது, எவாரிஸ்தோவின் பெண்டாட்டி எடுக்க விடவில்லை. கொஞ்ச நாளில் எவாரிஸ்தோவுக்கே அது பெருமையாகிவிட்டது. வருகிறவர்களிடம் எல்லாம், "மரத்துல இருக்கறது நான்தான்" என்று காட்ட ஆரம்பித்தான்.

சிரிப்பும் கும்மாளமுமாகவே இருந்தான் என்று நினைக்க வேண்டாம். பையனுக்குள் ஏதோ ஒன்று சதா கடித்துக்கொண்டே இருந்தது. திடீரென்று நாள்கணக்கில் பேச மாட்டான். சந்தையில் வம்புச் சண்டை இழுத்து உதை வாங்கிக்கொண்டு வருவான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலிலிருந்து ஜனம் வெளியே வருகிற நேரத்தில், அவன் எனக்குத் தெரியாமல் வரைந்து வைத்திருந்த பெரிய பெரிய துணிப் படங்களை எல்லாம் சதுக்கத்தில் குவித்து மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்திவிட்டான். ஏன்டா என்றால், "எதுவும் உண்மையா வரலக்கா" என்றான். அவன் அப்பாவுக்கு நானே ஆள் வைத்துச் சொல்லி அனுப்பினேன். அப்படி ஒரு மகன் தனக்கு இல்லை என்று பதில் வந்தது. அதை அவனிடம் சொல்லவில்லை. அவன் கேட்கவும் இல்லை.

மூன்றாவது வருடம் இருமல் வந்தது. தூசி, சாயம், கள் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னோம். ஒரு நாள் கைக்குட்டையில் சிவப்பாகப் பார்த்தேன். சாயம் என்றான். அவனுக்குத்தான் பொய் வராதே, முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. டாக்டர் உர்பினாவைக் கூட்டிவந்தேன். அவர் முதுகில் தட்டிப் பார்த்தார், காது வைத்துக் கேட்டார், வெளியே வந்து என்னிடம், "ரெண்டு நுரையீரலும் போயிடுச்சு தொமாசா. மழைக்காலம் தாண்டினா ஆச்சரியம்" என்றார். அவர் கையாலேயே தலையை வாரிக்கொண்டார். அப்போது அவருக்குக் குதிரைவால் மாதிரி அடர்த்தியான முடி.

எனக்குப் பிள்ளை இல்லை. பெற்றுக்கொள்ளவும் இல்லை, வேண்டும் என்று ஏங்கவும் இல்லை. ஆனால் அன்றைக்கு எனக்கு ஒன்று தெரிந்துபோனது. அந்தத் தறுதலைப் பயல் பிழைக்க வேண்டும். அது தவிர எனக்கு உலகத்தில் எதுவும் வேண்டாம். கடை வேண்டாம், ஒன்றும் வேண்டாம்.

ஆண்டவரிடம் போனேன். அவனைப் பிழைக்க வை, இந்த ஊர் இதுவரை பார்க்காத தகரமாக மாட்டுகிறேன் என்றேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இருமல் அதிகமானது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. எல்லோரும் காரியம் முடிந்த பிறகுதான் தகரம் தருகிறோம். அவருக்கு என்ன அவசரம்? நாமே முதலில் மாட்டிவிட வேண்டும். 'நசாரியோ பிழைத்துவிட்டான், நன்றி' என்று ஊரறிய, மேளதாளத்தோடு மாட்டிவிட்டால், அப்புறம் அவர் பாடு. அவனைச் சாகவிட்டால் யாருக்கு மானக்கேடு? அவருக்குத்தானே!

இதை அன்செல்மோ சாமியிடம் போய்ச் சொன்னேன். எங்கள் கோயில் பாதிரியார் அவர்தான்.

"தொமாசா, இது ஆண்டவர மிரட்டற மாதிரில்ல இருக்கு?" என்றார்.

"மிரட்டல்தான் சாமி. கெஞ்சிப் பாத்தாச்சு."

"இந்த வழக்கமே கிடையாதும்மா."

"கள்ளுக்கடை பின்வாசல் வழியா சாமியார் வர்ற வழக்கம் மட்டும் இருக்கா?"

அவர் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார். பிறகு, சுவரில் இடம் இருந்தால் மாட்டிக்கொள்ளலாம் என்றார்.

பிளாசிதோ கிழவரிடம் எழுதச் சொன்னேன். ரெண்டு நாளில் கொண்டுவந்தார். கட்டிலிலிருந்து ஒருவன் எழுந்து நிற்கிறான். அதே முகம், அதே மீசை. நசாரியோவுக்கு மீசையே கிடையாது.

"யோவ், இது யாருய்யா? இதக் கொண்டுபோய் மாட்டினா, ஆண்டவர் உன் மச்சான் யாரையாவது பிழைக்க வெச்சுடப் போறாரு!" என்று கத்தினேன்.

உள்ளே படுத்திருந்த நசாரியோ எழுந்து வந்து அதைப் பார்த்தான். சிரித்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரிப்பு இருமலானது, இருமல் ரத்தமானது, தரையில் விழுந்த ரத்தத்தைப் பார்த்து பிளாசிதோ தொப்பியைக் கழற்றிவிட்டார். வேறு வழியில்லை என்று எனக்குப் புரிந்துபோனது. அவன் முகம் ஆண்டவருக்கு அடையாளம் தெரிகிற மாதிரி எழுத இந்த ஊரில் ஒரே ஆள்தான், அவனேதான்.

"நீயே எழுதிடுடா," என்றேன்.

"என்னத்த எழுத?"

"நீ பிழைச்சுட்டேன்னு."

"பிழைச்சுட்டனா?"

"பிழைப்ப."

"அப்ப பிழைச்சதும் எழுதறேன்."

"அதுக்குத்தானடா முன்னாடியே எழுதச் சொல்றேன், மரமண்டை!"

"அக்கா, நடக்காதத நான் எழுதினதே இல்ல. எழுதியிருந்தா இந்நேரம் அப்பன் வீட்டுல இருந்திருப்பேன். பொண்டாட்டி, புள்ள, பூனைன்னு இருந்திருப்பேன். எல்லாத்தையும் தொலைச்சு இது ஒண்ணுதான் கையில வெச்சிருக்கேன். இதையும் புடுங்காத."

திட்டினேன். வாய்க்கு வந்ததையெல்லாம் திட்டினேன். செத்து ஒழிடா என்றுகூடச் சொல்லிவிட்டு, உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு சிலுவை போட்டுக்கொண்டேன். அவன் மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

ஊரும் வந்து கேட்டது. எவாரிஸ்தோ வந்து, வேண்டுமானால் தன்னை இன்னும் உயரமான மரத்தில் ஏற்றிக்கொள்ளலாம், இதை மட்டும் எழுதிவிடு என்றான். டாக்டர் உர்பினா வந்து, மனசு திடமாக இருந்தால் உடம்பு கேட்கும் என்று என்னவோ புத்தகத்தில் இருப்பதைச் சொன்னார். சாமி வந்து, நம்பிக்கையோடு சொல்வது பொய்யாகாது என்றார். எல்லோருக்கும் ஒரே பதில். நடக்கட்டும், எழுதுகிறேன்.

எனக்கு அலுத்துவிட்டது. கோபம்கூட வரவில்லை. காலையில் கடையைத் திறப்பேன், கள் ஊற்றுவேன், அவனுக்குக் கஞ்சி வைப்பேன், ஒரு வார்த்தை பேச மாட்டேன். ஒருவன் குவளையை உடைத்தான். ஒன்றும் சொல்லாமல் பெருக்கித் தள்ளினேன். கடைக்கு வருகிறவர்கள் பயந்துபோய் மெதுவாகப் பேச ஆரம்பித்தார்கள். இப்படிச் சில நாள் போனது. ஒரு மத்தியானம் அவன் சுவரைப் பிடித்துக்கொண்டே கடைக்குள் வந்து ஒரு பீப்பாய்மேல் உட்கார்ந்தான்.

"அக்கா, ரெண்டு வார்த்தை திட்டேன்."

நான் கிண்ணம் கழுவிக்கொண்டிருந்தேன்.

"பின்கட்டுல படுத்திருந்தா உன் சத்தம்தான் கேக்கும். அது கேக்குதுன்னா, சரி, இன்னும் இருக்கோம்னு தெரியும். இப்ப ஒண்ணும் கேக்கல. பயமா இருக்குக்கா."

"எனக்குத் திட்ட வரலடா," என்றேன். கிண்ணத்தைத் தண்ணீருக்குள்ளேயே விட்டுவிட்டு, கடை நடுவில், எல்லோரும் பார்க்க, உட்கார்ந்து அழுதேன். என் புருஷன் செத்தபோதுகூட நான் அப்படி அழுததில்லை. அது வேறு விஷயம், அவன் அதற்குத் தகுந்தவன் இல்லை.

நசாரியோ அழுகிற என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். படம் வரைவதற்கு முன்னால் பார்ப்பானே, அப்படி. பிறகு, "பெரிய தகரமா வாங்கு" என்றான்.

மறுநாளிலிருந்து வாசலில் வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தான். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்தான். விசித்திரமான கேள்வியெல்லாம் கேட்டான்.

"டாக்டர், உங்கப்பாவுக்கு எப்ப வழுக்கை விழுந்துச்சு? முன்னாடியா, உச்சியிலயா?"

"எவாரிஸ்தோ, உங்கம்மாவுக்கு மொதல்ல போனது மேல்பல்லா, கீழ்ப்பல்லா?"

"அக்கா, உங்க பாட்டிக்குக் கழுத்து தொங்குச்சா?"

"எங்க பாட்டி கழுத்து உனக்கு எதுக்குடா?"

"சொல்லு, தொங்குச்சா?"

"வான்கோழி மாதிரி தொங்குச்சு. போதுமா?"

ஜுரம் மண்டைக்கு ஏறிவிட்டது என்று பேசிக்கொண்டோம். அவன் யாருக்கும் படத்தைக் காட்டவில்லை. கை நடுங்கினால் நிறுத்திவிடுவான். நடுக்கம் நின்றதும் மறுபடி தொடங்குவான். ஒரு வாய் கஞ்சிக்கு ஒரு வசவு என்று நானும் பழையபடி திட்ட ஆரம்பித்திருந்தேன்.

திருவிழா நாளில் ஊர்வலமாகப் போனோம். முன்னால் வாத்தியக்காரர்கள், நடுவில் துணி மூடிய தகரம், பின்னால் வெடி. நசாரியோவை நாற்காலியோடு எவாரிஸ்தோ தூக்கிக்கொண்டு வந்தான். மூக்கை உடைத்தவனுக்கு அதுதான் தண்டனை என்று அவன் பெண்டாட்டி சொல்லிவிட்டாள். ஆண்டவர் பக்கத்தில் நல்ல இடமாகப் பார்த்து மாட்டி, சாமி துணியை நீக்கினார்.

கோயில் முழுக்க ஒரேயடியாகச் சத்தம்.

படத்தில் என் கடை இருந்தது. கடையில் நாங்கள் எல்லோரும் இருந்தோம். ஆனால் எல்லோரும் கிழடு தட்டிப்போயிருந்தோம். நாற்பது வருடம் கழித்து நாங்கள் எப்படி இருப்போமோ அப்படி. டாக்டர் தலையில் ஒரு முடி இல்லை. எவாரிஸ்தோ பொக்கை வாயைத் திறந்து சிரிக்கிறான். சாமி பின்வாசலில் கைத்தடி ஊன்றி நிற்கிறார். நான் கள் ஊற்றுகிறேன்; கழுத்து வான்கோழிக் கழுத்து, மீசை வெளுத்துவிட்டது, கட்டைவிரல் மட்டும் வழக்கம்போலக் குவளைக்குள். எல்லோருக்கும் நடுவில் நசாரியோ. பானை வயிறு, மூன்று மடிப்புத் தாடை, மார்புவரை வெள்ளைத் தாடி. குவளையை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, என்னை ஏதோ கிண்டல் பண்ணிச் சிரித்துக்கொண்டிருக்கிறான்.

கீழே எழுத்து: 'நான் நசாரியோ. இருபத்து மூன்று வயதில் நெஞ்சு நோயால் சாகக் கிடந்தேன். தொமாசா வேண்டிக்கொண்டாள். வழித்துணை ஆண்டவர் என்னைப் பிழைக்க வைத்தார். இப்போது கிழவனாகிவிட்டேன். ஒரு இருமல்கூட இல்லை. நன்றி.'

"எனக்கு ஏன்டா ஒரு பல்லுகூட வெக்கல? ஒண்ணாவது வெச்சிருக்கலாம்ல!" என்று எவாரிஸ்தோ கோயிலுக்குள்ளேயே கத்தினான்.

"எங்க அப்பாவுக்கு ஓரத்துல கொஞ்சம் முடி இருந்துச்சே," என்று டாக்டர் குறைப்பட்டுக்கொண்டார்.

எல்லோரும் தங்கள் தங்கள் கிழட்டு மூஞ்சியைத் தேடி முண்டியடித்தார்கள். நான் நசாரியோவைப் பார்த்தேன். நாற்காலியில் காய்ந்த இலை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தான். படத்தில் இருந்த வயிற்றையும் தாடியையும் பார்த்தேன். மறுபடியும் அவனைப் பார்த்தேன். அவன் கையை ஆட்டிக் கூப்பிட்டான். குனிந்தேன்.

"எப்பிடிக்கா? நல்லாப் புளுகியிருக்கனா?"

"நல்லாப் புளுகியிருக்கடா, ராசா."

"மொத தடவைல்ல. வருமோ வராதோன்னு பயந்துட்டே இருந்தேன்."

அதற்கப்புறம் கொஞ்ச நாள் நன்றாகவே இருந்தான். சொன்னால் நம்ப மாட்டீர்கள், ரெண்டு ரொட்டி கூடச் சாப்பிட்டான். எவாரிஸ்தோவோடு சூதாட்டத்தில் சண்டை போட்டான். கன்னத்தில் கொஞ்சம் நிறம் வந்தது. ஆண்டவருக்கு ரோஷம் வந்துவிட்டது என்று ஊரே தம்பட்டம் அடித்தது. பக்கத்து ஊரில் ரெண்டு பேர் எங்களைப் பார்த்து அவர்களும் முன்கூட்டித் தகரம் மாட்டினார்கள். நான் என் கழுத்தைக் கண்ணாடியில் பார்த்து, வயசாகட்டும், நன்றாக ஆகட்டும் என்று சொல்லிக்கொண்டேன்.

மழைக்காலம் முடியவில்லை. ஒரு காலையில் நான் அடுப்பில் மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தேன். புகைக்கு அவன் இருமவில்லை. நெடி தாங்காமல் நானே இருமினேன், அவன் இருமவில்லை. கரண்டியைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். போயிருந்தான். இருபத்து மூன்று வயது. மிளகாய் முழுக்கக் கருகிப்போனது.

அடக்கம் முடிந்ததும் கோயிலுக்குப் போய் ஆண்டவரை நான் என்ன பேச்சுப் பேசினேன் என்று இங்கே சொல்ல முடியாது. அன்செல்மோ சாமி காதைப் பொத்திக்கொண்டு நின்றார், தடுக்கவில்லை. எட்டாம் நாள் அவரே மெதுவாகக் கடைக்கு வந்தார்.

"தொமாசா, அந்தத் தகரத்த எடுத்துடலாமா? நடக்காததுக்கு நன்றின்னு தொங்கறது சரியில்லம்மா."

"கை வெச்சுப் பாருங்க சாமி," என்றேன்.

எவாரிஸ்தோ எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றான். டாக்டரும் வந்து நின்றார். சாமி ஒரு குவளை கள் கேட்டார், முன்வாசலிலேயே உட்கார்ந்து குடித்துவிட்டுப் போனார். தகரம் அங்கேயே இருந்தது.

நாற்பது வருடம் என்பது என்ன? திரும்பிப் பார்ப்பதற்குள் ஓடிவிடுகிறது. டாக்டருக்கு வழுக்கை விழுந்தது, ஓரத்தில்கூட மிச்சம் வைக்கவில்லை. எவாரிஸ்தோவின் கடைசிப் பல் ஒரு பன்றிக்காலைக் கடிக்கும்போது போனது. கையில் எடுத்துக்கொண்டு வந்து எனக்குக் காட்டி, "பாவிப் பய, சரியாத்தான் எழுதியிருக்கான்" என்று அழுதான். சாமிக்குக் கைத்தடி வந்தது. என் கழுத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டாம். இப்போது நான், எவாரிஸ்தோ ரெண்டு பேர்தான் மிச்சம். கடைக்குள் நாங்கள் உட்கார்ந்திருந்தால் அந்தப் படத்துக்குள் உட்கார்ந்திருக்கிற மாதிரியே இருக்கும். எங்கள் எல்லோருக்கும் அது அப்படியே பலித்தது. நடுவில் இருக்கிறவனுக்கு மட்டும் பலிக்கவில்லை.

போன திருவிழாவுக்குக் கோயிலில் ஒரே கூட்டம். வெளியூர் ஜனம். நான் வழக்கம்போல ஆண்டவரிடம் ரெண்டு வார்த்தை சண்டை போட்டுவிட்டுத் திரும்பினேன். நசாரியோவின் தகரத்துக்கு எதிரில் ஒரு பெண்பிள்ளை நின்றுகொண்டிருந்தாள். மலைப்பக்கத்து ஆள். கூடவே மகள், பதினெட்டு வயது இருக்கும். அந்தப் பெண்ணுக்கு உதடு நீலம் பாரித்திருந்தது, நாலு எட்டு நடந்துவிட்டு மூச்சு வாங்க நின்றது. இருதயத்தில் கோளாறாம். பெரிய ஆஸ்பத்திரியிலேயே கையை விரித்துவிட்டார்களாம். அம்மாக்காரி அந்த எழுத்தைச் சத்தம் போட்டு, எழுத்துக்கூட்டி மகளுக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். படித்து முடித்தவள் திரும்பி என்னைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள்.

"ஆத்தா... இது நீங்கதான?"

"வேற யாருக்கு இப்பிடிக் கழுத்து இருக்கும்?"

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப இது நெசந்தானா? இந்தத் தாடிக்காரரு பிழைச்சாரா? இப்பவும் இருக்காரா?"

அந்தப் பெண்ணும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. கண் மட்டும் இவ்வளவு பெரிதாக இருந்தது அதற்கு.

"இருக்கானாவா?" என்றேன். "நல்லாக் கேட்டீங்க போங்க. பானை வயித்தத் தள்ளிக்கிட்டு, காலையிலேயே என் கடையில வந்து உக்காந்திருக்கான் தடியன். திட்டித் திட்டி என் வாய்தான் வலிக்குது. எந்திரிச்சுப் போடான்னாலும் போக மாட்டேங்கறான்."